பழைய லாரிக்கு என்ஜின் வேலை பார்க்கிறவர்களே, சம்ப்பைக் (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றிப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்களிடம் அப்பா காலத்து டாடா 1210 எஸ்.இ. ஒன்று இன்னும் ஓடுகிறது. மாங்காய் சீசனில் பெங்களூரா ரகத்தை மாங்கூழ் ஆலைகளுக்கு ஏற்றுவோம், மற்ற நாளில் புளி, வைக்கோல், மாட்டுத்தீவனம். நான்தான் ஓட்டுகிறேன். குடும்பம் நடப்பது அந்த ஒரு வண்டியில். அந்த வண்டியின் என்ஜினை முழு வேலைக்கு விட்ட இடத்தில் பணமும் போனது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாப்டும் போனது, வண்டியோடு வந்த மைக்கோ டீசல் பம்ப்பும் போனது. பட்டறை தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. புகார் கொடுக்கப்போவதால் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்பது இந்தப் பக்கம் பழைய டாடா, லேலண்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

வண்டியில் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த புகை ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவது, இருந்தது உண்மை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடித்தது, ஆயிலும் குடித்தது. லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), பிஸ்டன், ரிங் செட், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் (ராடு கிராங்கில் மாட்டும் இடத்துப் பேரிங்), கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப் வேலை எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, "வேலை முடியட்டுங்க, மொத்தமா போட்டுத் தர்றோம்" என்றார்கள். எங்கள் வண்டியில் இருக்கும் 697 என்ஜினுக்கு இப்போது சாமானே கிடைப்பதில்லை, டெல்லியிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி நடுவில் இன்னொரு தொகையும் வாங்கினார்கள்.

இது பச்சைப் பொய். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் குறுக்களவு). ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 128 மி.மீ., மொத்தம் 5,675 சி.சி. பென்ஸ் கம்பெனியின் ஓ.எம். 352 என்ஜினுக்கும் இதே அளவுதான். டெல்கோவும் (டாடா மோட்டார்ஸின் பழைய பெயர்) பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாக லாரி செய்த காலத்தின் தொடர்ச்சி இது. இத்தனை வருடம் நாடு முழுக்க ஓடிய என்ஜினுக்குச் சேலத்திலேயே சாமான் கிடைக்கிறது. "பழைய வண்டி, சாமான் இல்லை" என்று யார் சொன்னாலும் கடைக்கு நீங்களே ஒருமுறை போன் போட்டுக் கேளுங்கள்.

வண்டியை எடுக்கப் போன அன்று என்ஜின் சத்தம் மெத்தென்று இருந்தது. ஆயில் பிரஷர் முள் நன்றாக மேலே நின்றது. சுற்றிலும் புதுப் பெயிண்ட். கொஞ்ச நாள் லோக்கலில் ஓட்டியபோதும் சத்தத்திலோ பிரஷரிலோ குறை தெரியவில்லை. சேலத்திலிருந்து மாட்டுத்தீவனம் ஏற்றி வரும்போது, தொப்பூர் ஏற்றத்தில் என்ஜின் சூடானதும் முள் சரசரவென்று இறங்கியது. அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. உடனே ஓரம் கட்டி அணைத்துவிட்டேன். இதுவே லோடோடு இறக்கத்தில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு உடைந்திருந்தால் கியரில் இழுத்துப் பிடிக்கும் பலம் மொத்தமும் போயிருக்கும். தொப்பூர் இறக்கம் எத்தனை உயிரை வாங்கியது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பணத்தைவிட எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, அப்பாவுக்குப் பழக்கமான வயதான மேஸ்திரி ஒருவரிடம் விட்டேன். அவர் டிரெயின் நட்டைக் கழற்றியதும் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். விளக்கெண்ணெய் மாதிரி நூல் விட்டது. என்ஜின் ஆயிலோடு கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற 90 ஆயிலைக் கலந்திருக்கிறார்கள். கெட்டி ஆயில் இருந்தால் தேய்ந்த என்ஜினிலும் சத்தம் அடங்கும், பிரஷர் ஏறும். சூட்டில் அது இளகியதும் குட்டு வெளியாகிவிடும்.

சம்ப்பை இறக்கி பிக் எண்ட் கேப்பைக் கழற்றினார். பேரிங் ஷெல்லின் (பேரிங்கின் அரை வட்டத் தகடு) முதுகில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள். "தம்பி, இத நீயே எடு. நாளைக்கு நான் வெச்சேன்னு சொல்லிடுவானுங்க" என்றார். எடுத்தேன், போட்டோவும் வீடியோவும் இருக்கின்றன.

நடந்தது இதுதான். கிராங்கை 0.25 மி.மீ. அளவில் படிப்படியாகத்தான் கடைய வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஒவ்வொரு படிக்கும் தனி பேரிங் உண்டு. எந்த அளவு என்று ஷெல்லின் முதுகிலேயே அடித்திருக்கும். எங்கள் கிராங்க் ஏற்கெனவே கடைசிப் படியில் இருந்தது. அதைச் சொல்லி வேறு கிராங்க் வாங்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இன்னும் கடைந்து, வந்த இடைவெளிக்கு ஈயத்தாளைச் செருகிவிட்டார்கள். ஷெல் முதுகு ராடில் முழுதாக ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு வெளியே போகும். தாள் நசுங்கினால் ஷெல் தளர்ந்து சுழலும், ஆயில் துளை அடைபடும், பிறகு நிமிடக் கணக்குதான். கடைந்தவர் ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) ஓரத்து வளைவையும் கூர்மையாக வெட்டியிருந்தார். கிராங்கில் விரிசல் விடுவது அந்த ஓரத்தில்தான்.

ஹெட்டைத் தூக்கியபோது புது லைனரும் இல்லை. புது லைனர் என்றால் ஹோனிங் (உள்பக்கத்தை உரசித் தீட்டுவது) செய்த குறுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். இதில் மேல் விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்குத் தேய்மானப் படி இருந்தது. பழைய லைனர், பழைய பிஸ்டன், ரிங் மட்டும் புதிது.

பம்ப்பையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். வேலை முடிந்து வந்ததிலிருந்தே கரும்புகை தள்ளியது, லிட்டருக்கு நாலு கொடுத்த வண்டி மூன்றைத் தொடவில்லை. பம்ப்பின் பிளேட்டில் இருந்த எண் வேறு. அப்பா எல்லா எண்களையும் டைரியில் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர், அதனால் பிடித்தேன். பட்டறையில் கேட்டால், "ஓவர்லோடு ஏத்திட்டு எங்க மேல பழி போடாதீங்க" என்கிறார்கள்.

லாரி வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது என்றும் மிரட்டினார்கள். செல்லும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே வண்டி வைத்திருப்பவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து விவரம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்கள். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

இப்போது எங்காவது உங்கள் என்ஜின் இறங்கியிருந்தால், கிராங்கைக் கோர்ப்பதற்கு முன் நேரில் போய் நில்லுங்கள். மைக்ரோமீட்டர் வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள், ஷெல் முதுகில் உள்ள அளவைப் படித்துப் பாருங்கள். கழற்றிய பழைய பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். அதைக் கொடுக்கத் தயங்கும் இடத்தில் புதுச் சாமான் போட்டிருக்க மாட்டார்கள். வண்டியை எடுக்கும்போது குளிர்ந்த என்ஜினில் முள்ளைப் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் பாருங்கள். பம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ எண்களை, வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் நல்ல கிராங்க் ஒன்று கிடைத்து மேஸ்திரி வண்டியை ஓட வைத்துவிட்டார். பம்ப் மட்டும் வரவில்லை. அதை எங்கோ விற்றிருப்பார்கள். 697-க்கான பழைய மைக்கோ பம்ப் யாருக்காவது விலைக்கு வந்து, மூடியின் ஓரத்தில் நீலப் பெயிண்டில் மூன்று புள்ளி இருந்தால் வாங்காமல் எனக்குத் தகவல் கொடுங்கள். அந்தப் புள்ளிகள் அப்பா வைத்தவை.