கிளப்ஹவுஸ் கட்டப் பணம்: நன்கொடையா, 200 கிளப்பா, பீர் கம்பெனிக் கடனா, பங்கா?

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் ரக்பி கிளப்பில் ஐந்து வருடமாக என் ஞாயிறு காலைகள் போகின்றன. மகள் 12 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணியில் ஆடுகிறாள். கிளப்ஹவுஸ் எழுபதுகளில் கட்டியது, தட்டைக் கூரை, மழை பிடித்தால் பார் மேடைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தாக வேண்டும். ஆறு ஷவரில் இரண்டில்தான் வெந்நீர் வரும். பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக உடை மாற்றும் அறை கிடையாது. போன நவம்பரில் இரண்டு அம்மாக்கள் கார் கதவைத் திறந்து வைத்து ஆளுக்கொரு பக்கம் துண்டைப் பிடித்து நிற்க, அந்த மறைப்புக்குள் பிள்ளைகள் சேறு அப்பிய ஜெர்சியைக் கழற்றி மாற்றினார்கள், பல் கிடுகிடுக்க. அன்றைக்கே கட்டிட நிதிக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன்.

2025 செப்டம்பர் 27 அன்று ட்விக்கன்ஹாமில் நடந்த பெண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வரும் பிள்ளையை நாங்கள் கார் கதவுக்குப் பின்னால் நிற்க வைக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். குழுவில் நிறைய யோசனை வந்தது. அதில் நிஜமாகவே ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்பவற்றை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

முதலில் ஆன்லைனில் நன்கொடை திரட்டுவதும், 200 கிளப் என்கிற மாதாந்திரக் குலுக்கல் சீட்டும். இரண்டுக்கும் பணம் தருவது ஏறக்குறைய அதே குடும்பங்கள்தான், அதனால் இந்த ஒப்பீடு முக்கியம். நன்கொடையின் பெரிய பலம் கிஃப்ட் எய்ட் என்கிற அரசு வரிச் சலுகை. கிளப் ‘காஸ்க்’, அதாவது சமூக அமெச்சூர் விளையாட்டு கிளப் என்று வரித்துறையில் பதிவு செய்திருந்தால், வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக வாங்கலாம். 100 பேர் ஆளுக்கு 100 பவுண்டு தந்தால் 10,000, அது 12,500 ஆகிவிடும். பதிவு செய்த கிளப்புக்குக் கட்டிட வரியிலும் 80 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி உண்டு, இன்னும் பதிவு செய்யாத கிளப்கள் இதற்காகவாவது அந்தப் படிவத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை. உறுப்பினர் சந்தாவுக்கு கிஃப்ட் எய்ட் கிடையாது. நன்கொடைக்குப் பதிலாக டி-ஷர்ட், இரவு விருந்து என்று ஏதாவது கொடுத்தால் அதன் மதிப்புக்கு வரம்பு இருக்கிறது, தாண்டினால் கிஃப்ட் எய்ட் போய்விடும். அப்புறம், இது ஒரு தடவை அடிக்கிற மணி. நாலைந்து வாரம் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சத்தமாகக் கேட்கும், அடுத்த வருடமே அதே ஆட்களிடம் மறுபடி போய் நிற்க முகம் வராது.

200 கிளப் இதற்கு நேர் எதிர். 200 பேர், ஆளுக்கு ஓர் எண், மாதம் 5 பவுண்டு. வருடத்துக்கு 12,000 சேரும். பாதியைக் குலுக்கல் பரிசாகக் கொடுத்தாலும் 6,000 கிளப்புக்கு நிற்கும். சட்டப்படி இது சின்ன சங்க லாட்டரி, உள்ளூர் கவுன்சிலில் பதிய வேண்டும், முதல் வருடம் 40 பவுண்டு, அப்புறம் வருடத்துக்கு 20. விற்ற பணத்தில் குறைந்தது 20 சதவீதம் கிளப்பின் நோக்கத்துக்குப் போயாக வேண்டும் என்பது விதி. சீட்டு வாங்குவது நன்கொடை ஆகாது, அதனால் இதில் கிஃப்ட் எய்ட் இல்லை. ஆனால் எனக்கு இதன் அழகே வேறு. எங்கள் கிளப்பில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் ஆட்ட நாளில் ஒரு கண்ணாடிக் குவளையில் ராஃபிள் சீட்டைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு மேசை மேசையாக வருவார், யார் பிள்ளைக்குக் கையில் அடிபட்டது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். 200 கிளப் அந்த மாதிரி ஆட்களால் ஓடுகிறது. மாதம் 5 பவுண்டு யாருக்கும் உறுத்தாது, பத்து வருடம் ஓடும்.

ஆக ஷவரும் உடை மாற்றும் அறையும் உடனே வேண்டுமென்றால் நன்கொடை, கூரைக்கும் பராமரிப்புக்கும் 200 கிளப். ஒன்றைத்தான் நடத்த ஆள் இருக்கிறதென்றால் நான் 200 கிளப்பைத்தான் எடுப்பேன்.

அடுத்தது பீர் கம்பெனிக் கடன். குழுக் கூட்டத்தில் பாதிப் பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள், காரணம் புரிகிறது. மொத்தப் பணமும் ஒரே காசோலையில் வரும், ஆறு மாதம் படிவம் நிரப்ப வேண்டாம். பதிலுக்கு இத்தனை வருடம் அவர்கள் பீரை மட்டும், அவர்கள் சொல்கிற விலையில் வாங்கி விற்க வேண்டும். இங்கேதான் நான் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, கிளப் வருடத்துக்கு 20,000 பைன்ட் (பெரிய கிளாஸ்) பீர் விற்கிறது, வெளியே பேரம் பேசி வாங்குவதைவிட ஒரு பைன்டுக்கு 30 பென்ஸ் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். வருடத்துக்கு 6,000 பவுண்டு. 200 பேர் மாதாமாதம் கட்டி 200 கிளப்பில் மிச்சமாவது அதே 6,000! முன் கதவில் வருவது பின் கதவில் போய்விடும். ஊர் கிளப்புக்கு பார்தான் மூச்சு, அதை அடகு வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மானியம்? கட்டாயம் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். விளையாட்டுக்கு நிதி தரும் அரசு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்தின் மூவ்மென்ட் ஃபண்ட் 300 முதல் 15,000 பவுண்டு வரை தருகிறது. கூரை ஒழுகுகிறது என்று எழுதுவதைவிட, இந்த வேலை முடிந்தால் இதுவரை விளையாடாத யார் விளையாட வருவார்கள் என்று எழுதினால்தான் அங்கே காது கொடுப்பார்கள். பெண் பிள்ளைகளின் அறை அந்தக் கேள்விக்கு நேரான பதில். கூடவே இன்னொன்று: ஒப்பந்தக்காரர் 60,000 என்று சொன்னால் அது வாட் வரிக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். 20 சதவீதம் சேர்ந்தால் 72,000, வாட் பதிவில்லாத கிளப்புக்கு அந்த 12,000 திரும்பி வராது.

கடைசியாக சமூகப் பங்கு. 2014 சட்டத்தின்படி கிளப் ஒரு சமூக நலச் சங்கமாகப் பதிந்து, ஊர்க்காரர்களிடம் பங்கு விற்கலாம். 50 பவுண்டு போட்டவருக்கும் 5,000 போட்டவருக்கும் ஓட்டு ஒன்றுதான். பங்கை லாபத்துக்கு விற்க முடியாது, சங்கத்திடம் வசதி இருக்கும்போது போட்ட பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சங்கம் மூழ்கினால் வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற பாதுகாப்பு இதற்கு இல்லை, அதை வாங்குகிறவரிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கால்பந்தில் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் இந்த வழியில் ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு திரட்டி, மற்ற நிதியோடு சேர்த்து 2015-இல் தன் மைதானமான பிராட்ஹர்ஸ்ட் பார்க்கைத் திறந்தது. படிக்கும்போதே நெஞ்சு நிமிர்கிற விஷயம். ஆனால் அது புது மைதானம். வியாபாரத் திட்டம், பங்கு ஆவணம், வக்கீல் செலவு எல்லாம் செய்து நாலு ஷவரும் ஓர் அறையும் கட்டுவது பொருத்தமில்லை. நிலத்தையே வாங்கும் வாய்ப்பு வந்தால் என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

நிலம் என்றதும் சொல்ல வேண்டியது: எங்கள் குத்தகையில் இன்னும் ஒன்பது வருடம்தான் மிச்சம். அதை நீட்டாமல் பெரிய மானியம் எதையும் கேட்க முடியாது, சொந்தப் பணத்தைப் போடவும் மனசு வராது. அதனால் வரும் செவ்வாய் முதலில் நிலத்துக்காரரைப் பார்க்கப் போகிறோம். 200 கிளப்புக்கு இதுவரை 143 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்தப் படிவங்களையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இன்னும் 57 பேர் வேண்டும்.