கத்தோலிக்க நர்சரியா, கவுன்சில் நர்சரியா?

இங்கிலாந்தில் மூன்று வயது முடிந்து அடுத்த பள்ளிப் பருவம் தொடங்கியதும் குழந்தைக்கு வாரம் 15 மணி நேர நர்சரி இலவசம். இரண்டு நர்சரியிலும் இது பொது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் யாரை முதலில் எடுப்பது என்பதில்தான் வித்தியாசம்.

கவுன்சில் (உள்ளாட்சி) பள்ளியின் நர்சரியில் பெரும்பாலும் எளிய கணக்கு. அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகள், அப்புறம் அண்ணனோ அக்காவோ அங்கே படிப்பவர்கள், பிறகு வீட்டுத் தூரம்.

வாலண்டரி எய்டட் வகை, அதாவது அரசு நிதியில் நடந்தாலும் திருச்சபையின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கப் பள்ளியில் விதி வகுப்பது பள்ளியின் நிர்வாகக் குழு. பராமரிப்பில் உள்ள கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு அடுத்து, பொதுவாக அந்தப் பங்கை (தேவாலய வட்டாரத்தை) சேர்ந்த, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகள்; பிறகு மற்றப் பங்குகளின் கத்தோலிக்கப் பிள்ளைகள், பிற கிறிஸ்தவர்கள், பிற மதத்தவர். வழக்கமான விண்ணப்பத்தோடு ஒரு துணைப் படிவமும் திருமுழுக்குச் சான்றிதழும் கேட்பார்கள். சில இடங்களில் ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறார்கள் என்று பங்குத்தந்தையின் கையெழுத்தும் வேண்டும். துணைப் படிவத்தை மறந்தால், திருமுழுக்குப் பெற்ற பிள்ளையும் கடைசி வரிசைக்குப் போய்விடலாம்.

பூசைக்குப் போகும் குடும்பம் என்றால் கத்தோலிக்கப் பள்ளியை முதலில் பாருங்கள். இந்துக் குடும்பங்களும் விண்ணப்பிக்கலாம், தடையில்லை; சில பள்ளிகள் கோயிலிலிருந்து கடிதம் கேட்கும். ஆனால் கூட்டம் மோதும் பள்ளியில் அந்த வரிசை வரை இடம் மிஞ்சுவது சந்தேகம். வீடு பக்கத்தில் என்றால் கவுன்சில் நர்சரியில்தான் வாய்ப்பு அதிகம்.

எதில் சேர்ந்தாலும் சரி, ரிசப்ஷன் வகுப்புக்கு (நர்சரிக்கு அடுத்து வரும் பள்ளியின் முதல் வகுப்பு) ஜனவரி 15-க்குள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நர்சரி இடம் தானாக மேலே போகாது.