குனுகேஷ் கணக்கு உதைக்கிறதா: பழுது பார்ப்பதா, பழைய பிரதிக்குப் போவதா?

குனுகேஷ் (GnuCash) என்ற கணக்கு எழுதும் மென்பொருளில் மீதி பொருந்தவில்லை என்றால், பிழையைத் தேடும் ‘செக் அண்ட் ரிப்பேர்’ வசதியா, அது தானாகவே எடுத்து வைக்கும் பழைய பிரதியா? பலரும் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நேரம்
‘செக் அண்ட் ரிப்பேர்’: ஓரிரு கிளிக்.
பழைய பிரதி: பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். எது நல்லது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

எதைச் சரிசெய்யும்?
ரிப்பேர்: பற்றும் வரவும் சமமில்லாத பதிவைத் தேடி, வித்தியாசத்தை ‘இம்பேலன்ஸ்’ கணக்கில் போடும். கணக்கே இல்லாத வரி ‘ஆர்ஃபன்’ கணக்குக்குப் போகும். சரியான இடத்துக்கு மாற்றுவது நம் வேலை. ஆனால் மளிகைக்கு 470 ரூபாய் என்பதை 740 என்று அடித்திருந்தால் இரு பக்கமும் சமம், அதற்குத் தெரியாது. வங்கி அறிக்கையை வைத்து வரிவரியாக ஒப்பிட்டால்தான் சிக்கும்.
பிரதி: எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பும். அப்புறம் எழுதிய பதிவுகள் அதில் இருக்காது. பதிவுகளில் செய்த மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு இருந்தால் மீட்கலாம்.

கவனம்
ரிப்பேர்: முதலில் கோப்பை நகலெடுத்து வையுங்கள்.
பிரதி: கணக்கை எக்ஸ்எம்எல் (XML) வகைக் கோப்பாகச் சேமித்தால், மென்பொருளின் அமைப்பில் (செட்டிங்ஸ்) மாற்றாதவரை பழைய பிரதி 30 நாள்தான் இருக்கும்.

கோப்பு திறக்கிறது, மீதி மட்டும் இடிக்கிறது என்றால் ரிப்பேர். கோப்பே திறக்கவில்லை என்றால் யோசிக்காமல் பிரதி.