பச்சை நைட்ரைல் கையுறை: எர்ணாவூர் கடற்கரையில் போட்டுப் பார்த்தது

திருவொற்றியூரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கையுறையை முதலில் வாங்கியது கடைக்காக இல்லை.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு டேங்கர் கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எரிபொருள் எண்ணெயை நீரோட்டம் தெற்கே தள்ளிவந்து, எர்ணாவூரில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்குள் சேர்த்துவிட்டது. உறிஞ்சும் வண்டிகளின் குழாய் அந்தக் கெட்டிச் சேற்றில் அடைத்துக்கொள்ள, வாளியில் அள்ளிக் கைமாற்றினோம். மீனவர்கள் பலர் வெறும் கையோடுதான் இறங்கியிருந்தார்கள்.

முதல் நாள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறையோடு போனேன். மதியத்துக்குள் விரல் நுனியெல்லாம் உப்பி, நனைந்த அப்பளம் மாதிரி கிழிந்தது. சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறிவிடும். வண்டிக்கு ஆயில் சீல், எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் வருவதே அதனால்தான். தெரிந்திருந்தும் அவசரத்தில் தோன்றவில்லை. சாயங்காலமே பாரிமுனைக்குப் போய் இந்தப் பச்சை ஜோடியை வாங்கினேன்.

அடுத்த இரண்டு நாளும் கைவிடவில்லை. உள்ளங்கையில் சொரசொரப்பு இருப்பதால் வாளிப் பிடி வழுக்காது. இது பெரிய விஷயம். கடல் அலை அந்த எண்ணெயைத் தண்ணீரோடு அடித்து அடித்துக் களி மாதிரி ஆக்கிவிடுகிறது; கசிந்ததைவிடப் பல மடங்காகப் பெருகி நிற்கும். நிறைந்த வாளி நழுவினால் கீழே கல்லில் நிற்பவர் தலையில்தான் விழும்.

கனமாக இருந்தாலும் விரலுக்கு உணர்வு தெரிகிறது. ஒரு கல்லிடுக்கில் நண்டு ஒன்று, கிட்டே போயும் ஓடவில்லை. கால்கள் தாரில் ஒட்டியிருந்தன. ஓடு நசுங்காமல் எடுத்து, பனியன் வேஸ்டால் கண்ணையும் வாயையும் துடைத்தேன். ஒரு கொடுக்கு மட்டும் மெல்லத் திறந்து மூடியது. நண்டுக்குச் செவுள் ஓட்டுக்குள்ளே இருக்கிறது. அங்கே போன எண்ணெயை என்னால் துடைக்க முடியவில்லை. கையிலேயே அடங்கிவிட்டது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம் வேறு. எண்ணெய் அப்பிச் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் அந்த நாட்களில் பார்க்க வேண்டியதாயிற்று.

குறை என்றால், கொட்டலசு (கல்லில் ஒட்டி வளரும், கூரான ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டிய கல்லில் தேய்த்தால் அறுந்துவிடும். என் வலது உறையில் ஆள்காட்டி விரல் பகுதி இரண்டாம் நாளே கிழிந்துபோனது. அப்புறம், உள்ளே இருக்கும் பஞ்சுப் பூச்சில் எண்ணெய் இறங்கினால் அந்த ஜோடியைத் தூக்கிப் போட வேண்டியதுதான், நாற்றம் போகாது. ஆழமான இடுக்கில் கை விட்டால் விளிம்பு வழியாக எண்ணெய் உள்ளே வரும், அதனால் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் எங்கள் கடைப் பழக்கம்போல் பெட்ரோல் ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது இதிலேயே ஆறு ஜோடி வாங்கிக் குப்பத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அக்காமார்களுக்குத்தான் தொளதொளவென்று இருந்தது. பெண்களுக்கு எட்டாம் நம்பர் சரியாக இருக்கும். கடையில் அதை வெளியே மாட்டியிருக்க மாட்டார்கள், கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள்.