டர்போ டீசலின் ஆயில் புகை: எலிமென்ட் ஃபில்டரா, வலை டப்பாவா?

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) உள்ள டீசல் வண்டியில், அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் விரல் கருப்பாகும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் புகை (பட்டறையில் சொல்லும் பேக் கம்ப்ரஷன்) கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) தெறிக்கும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு பிரீதர் என்ற மூச்சுக் குழாய் வழியாக டர்போவின் வாய்க்கு வருகிறது. அங்கிருந்து இன்டர்கூலர், அப்புறம் இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டு. சைலன்சர் பக்கப் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர் வழியாக வரும் கரியும் இதோடு சேர்ந்தால் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். சென்சார் அழுக்காகும், இழுவை குறையும், ரப்பர் ஹோஸ் ஊறிப் போகும்.

இதற்கு ராமநாதபுரம் கரையோரத்தில் நான்கு வழிகளைப் பார்க்கிறேன். கம்பெனி கொடுத்தபடி விட்டுவிடுவது, பிரீதரைக் கழற்றித் தரையைப் பார்க்கத் தொங்கவிடுவது, எலிமென்ட் (மாற்றக்கூடிய வடிகட்டி நார்) உள்ள ஃபில்டர் மாட்டுவது, உள்ளே கம்பி வலை வைத்த டப்பா மாட்டுவது. மண்டபத்திலிருந்து மீன் ஏற்றும் என் பிஎஸ்4 (பிஎஸ்6-க்கு முந்தைய மாசு விதிப்படி வந்த) பிக்கப்புக்கு நான் மாட்டியிருப்பது கடைசியாகச் சொன்னது. ஆகவே அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

முதல் வழியில் குற்றம் இல்லை. இன்ஜினின் மேல் மூடியான டாப்பெட் கவருக்குள் கம்பெனியே எண்ணெயைப் பிரிக்க ஒரு பிரிப்பான் வைத்திருக்கும். ஹோஸில் லேசான ஈரம் இருப்பது சகஜம். வாரண்டி ஓடும் வண்டி என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாமல் இருந்தாலே எண்ணெய் வருவது குறையும். கூடவே ஏர் கிளீனரையும் கவனிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பக்கத்து மணலும் புழுதியும் எலிமென்ட்டை வேகமாக அடைத்துவிடும். ஏர் கிளீனர் அடைத்தால் டர்போவின் உறிஞ்சல் பிரீதர் பக்கம் திரும்பும், வழக்கத்தை விட அதிக எண்ணெயை இழுக்கும். இன்டேக்கில் எண்ணெய் கூடிவிட்டது என்று டர்போவைக் குறை சொல்வதற்கு முன் ஏர் கிளீனரைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

பைப்பைக் கீழே தொங்கவிடும் வழி செலவில்லாதது, அதனாலேயே பலர் செய்கிறார்கள். உப்புக் காற்றில் சேஸிஸுக்கு ஆயில் பூசியது போலவும் ஆச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்லும் டிரைவர்கள் உண்டு. ஆனால் சூடாக நின்ற இன்ஜின் ஆறும்போது அதே பைப் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறக்கும் இடத்தில் நிறுத்தினால் என்ன உள்ளே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வண்டியின் அடியெல்லாம் எண்ணெய் படிந்து மணல் ஒட்டும், சிக்னலில் நின்றால் கேபினுக்குள் வாடை வரும். புகையைக் காற்றில் விடுவது புது வண்டிகளில் சட்டப்படியும் ஆகாது. இந்த வழியை இதோடு விடுகிறேன்.

உண்மையான போட்டி மூன்றாவதற்கும் நான்காவதற்கும்தான்.

எலிமென்ட் ஃபில்டர் என்றால் மான்+ஹம்மல் புரோவென்ட் 200 போன்ற ஒன்று. நெருக்கமான நார் எலிமென்ட் வழியாகப் புகை போகும்போது மிக நுண்ணிய துளிகள்கூட ஒன்று சேர்ந்து வடிந்துவிடும். டர்போவின் உறிஞ்சல் கிராங்க்கேஸை அதிகமாக இழுக்காமல் பார்க்க ஒரு வால்வு, எலிமென்ட் அடைத்தால் அழுத்தத்தை வெளியே விட இன்னொரு வால்வு. வடிந்த எண்ணெயைச் சம்ப்புக்கே (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) திருப்பி அனுப்பவும் வழி இருக்கிறது. எண்ணெயைப் பிடிக்கும் திறமையை மட்டும் பார்த்தால் வலை டப்பா இதன் பக்கத்தில் நிற்க முடியாது. வலையில் பெரிய துளிகள்தான் சிக்கும். என் வண்டியில் இன்டர்கூலர் ஹோஸ் இன்னும் முழுசாகக் காயவில்லை, முன்பை விட ஈரம் குறைவு, அவ்வளவுதான்.

பிறகு ஏன் வலை? பராமரிப்புக்காக. எனக்கு இதில் மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

எலிமென்ட் என்றால் ஒருநாள் மாற்ற வேண்டும். அது ராமநாதபுரத்தில் கடைக்குப் போய்க் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் சாமான் இல்லை. ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் எலிமென்ட் அடைக்கத் தொடங்கினால் வெளியே எதுவும் தெரியாது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து சம்ப்புக்கு ஆயில் தானாக இறங்கி வர வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் இறங்காமல் டர்போ சீல் வழியாக இன்டேக்குக்கே கசியும். எதைத் தடுக்க ஃபில்டர் மாட்டினோமோ அதுவே வேறு வழியில் வந்து நிற்கும். அடுத்து கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல். அந்த சீலின் விலை ஒன்றும் பெரிதல்ல, ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மீன் வண்டிக்கு அது லோடு இல்லாத நாள்கள். பாதுகாப்பு வால்வு இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல ஃபில்டரில் அது காப்பாற்றும், நியாயமான பேச்சுதான். அதே வடிவில் மலிவாக வரும் நகல்களில் அந்த வால்வு ஒழுங்காகத் திறக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வலை டப்பாவில் அப்படி எளிதில் அடைக்க எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக அதை நாமே காலி செய்ய வேண்டும், அதுதான் அதன் பலவீனம். மறந்து நிரம்பவிட்டால் தேங்கிய எண்ணெய் மொத்தமாக டர்போவுக்குள் போகும். டீசல் இன்ஜினுக்கு அந்த எண்ணெயும் எரிபொருள்தான், சாவியை அணைத்தாலும் இன்ஜின் தானாக வெறிபிடித்து ஓடும் ஆபத்து நிஜம். எனவே காலி செய்வதை ஏதாவது ஒரு வழக்கத்தோடு கட்டிவிட வேண்டும். நான் ஐஸ் ஏற்றும் நேரத்தோடு கட்டியிருக்கிறேன். ஐஸ் உடைத்துப் பெட்டிகளில் கொட்டும் வரை டிரைவருக்கு வேலை இல்லை. பானெட்டைத் திறந்து, வெட்டிய தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, டப்பாவின் பித்தளை வடிகுழாயைத் திருகினால் நீர்த்த கருப்பு எண்ணெய் நூலாக இறங்கும், டீசல் வாடையோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே கொஞ்சம் பழுப்பு நுரை மிதக்கும். குளிர் நாட்டு வீடியோக்களில் காட்டும் வெண்ணெய் போன்ற கட்டி நம் பக்கத்துச் சூட்டில் நான் பார்த்ததில்லை. பாட்டிலில் வந்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள். தண்ணீரும் கரியும் கலந்த சரக்கு அது, வேஸ்ட் ஆயில் கேனுக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதே ஓட்டம், அதே லோடு, ஆனால் எண்ணெய் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்றால் வண்டி ஏதோ சொல்கிறது. ஆயில் அதிகம் ஊற்றியிருக்கலாம், ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். கம்பம் தாண்டிக் குமுளி மலை ஏறி கேரளத்துக்குப் போய் வந்தால் இயல்பாகவே கூடும், அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன். சம்ப்புக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டில் இந்தச் செய்தி நம் கைக்கு வராது. கையால் காலி செய்வதைத் தொல்லை என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, எந்த டப்பா? ஆன்லைனில் மலிவாக வரும் அலுமினிய டப்பாக்கள் பல உள்ளே வெறும் கூடு. ஒரு வழியாக வந்த புகை மறு வழியாகப் போய்விடும். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிக்கிறார்கள். சாதாரண இரும்பு நார் துருப்பிடித்துத் தூளாகி டர்போ இறக்கைக்குப் போனால் டப்பாவின் விலையை மறந்துவிட வேண்டியதுதான். இங்கே அலுமினியத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்பு போல்ட்டும் கிளாம்ப்பும் தொடும் இடத்தில் உப்புக் காற்று பட்டு வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு திருகு அசையாது. மண்டபத்தில் போட் இன்ஜின் வேலை பார்க்கும் பட்டறைகளில் ஸ்டீல் வெல்டிங் சுத்தமாகச் செய்வார்கள். 316 ரக ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் 304. உள்ளே ஒரு தடுப்புத் தகடு, ஸ்டெயின்லெஸ் வலை, வலை நகராமல் மேலும் கீழும் துளைத் தகடு. புகை வெளியேறும் வாய் மேலே இருக்க வேண்டும், அது திரும்ப டர்போவுக்கே போக வேண்டும். டப்பாவை டர்போவின் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஹோஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ரேடியேட்டர் ஹோஸ் எண்ணெய்ப் புகையில் ஊதிப் பஞ்சாகும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் கேளுங்கள், அதன் உள் அகலம் கம்பெனி பிரீதரை விடக் குறையக் கூடாது. குறைந்தால் எலிமென்ட் அடைத்த அதே கதைதான்.

ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாயின் மேல் வைத்தால், ஐடிலிங்கிலேயே அது குதித்து விழும் அளவுக்குப் புகை அடிக்கிற வண்டிக்கு இரண்டு டப்பாவுமே வீண். ரிங் வேலைக்குப் பணம் சேர்க்கட்டும்.

பெரும்பாலும் மதுரை, திருச்சி என்று ஹைவேயில் ஓடும் சொந்தக் கார், சர்வீஸ் தேதி தவறாத ஆள் என்றால் எலிமென்ட் ஃபில்டரையே சொல்வேன். நுண்ணிய புகையை அதுதான் பிடிக்கும், எலிமென்ட்டை முன்கூட்டியே ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் என் புகாரில் பாதி போய்விடும். பிஎஸ்6 வண்டியில் நான் கை வைத்ததில்லை. பிரீதரைக் கழற்றினாலே எச்சரிக்கை விளக்கு எரியும் மாடல்கள் இருப்பதால் அதில் எனக்குக் கருத்து சொல்லும் தகுதி இல்லை.

எந்த டப்பாவாக இருந்தாலும், மாட்டும் முன் பழைய எண்ணெயை இன்டர்கூலரிலிருந்து எடுத்தாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், லோடு குறைவு, அதற்குத் தோதான நேரம். மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து, வெயிலில் முழுசாகக் காயவிட்டுத்தான் திரும்பப் பூட்ட வேண்டும். ஈரத்தோடு பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே மிஞ்சிய டீசலிலேயே இன்ஜின் கட்டுமீறிப் பாயும்.