சூரிய அலையை அளக்க எந்தப் படங்கள்: சோஹோவா, எஸ்டிஓவா?

சூரியனில் பெரிய வெடிப்பு நிகழும்போது அதன் வெளி வளிமண்டலமான கொரோனாவில் ஓர் அலை வட்டமாக விரிந்து ஓடுவதுண்டு. அதன் வேகத்தைத் தாங்களே அளக்க வேண்டும் என்றார்கள் கடலூரில் எங்கள் அறிவியல் மன்றத்து மாணவர்கள். மாடியில், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் மட்டும் சூரியனைக் காட்டும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கி வைக்கலாம் என்ற பேச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது. அதில் தெரியக்கூடியது 1960இல் அறிவிக்கப்பட்ட மோர்ட்டன் அலை; கொரோனாவுக்குக் கீழுள்ள அடுக்கில் ஓடும் அது அபூர்வம். தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றில் கண்ணாடியைக் காப்பாற்றுவது தனிப் பாடு. ஆக, சூரியனைப் படமெடுக்கும் விண்கலங்களின் படங்கள்தான்: பழைய சோஹோ, இல்லையேல் புதிய எஸ்டிஓ. இரண்டுமே இலவசம் என்பதால் விலைப் பேச்சுக்கு இடமில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது எஸ்டிஓ. அதன் படம் 4096 புள்ளி அகலம், சோஹோவினுடையது 1024. இது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்களுக்கு முடிவைச் சொன்னது படங்களுக்கு இடையிலான நேரம்தான்.

சோஹோவில் இருந்த ஈஐடி என்ற படக்கருவி ஏறத்தாழ 12 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தது. நொடிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகும் அலை அதற்குள் 2,16,000 கி.மீ. ஓடிவிடும். பத்து லட்சம் கி.மீ. பாதைக்கு நான்கைந்து படங்களே தேறும். எஸ்டிஓவோ 12 நொடிக்கு ஒன்று தருகிறது. அதே பாதைக்கு 250க்கு மேல். இன்னொன்றும் உண்டு. இந்த அலைகள் பல, வேகமாகக் கிளம்பிப் பிறகு தளர்கின்றன. இடைவெளி நீண்டால் அந்த ஆரம்ப ஓட்டம் நழுவி, வேகம் குறைவாகவே கணக்காகும். சோஹோ காலத்தில் நொடிக்கு 200 முதல் 400 கி.மீ. என்று கிடைத்த வேகம், எஸ்டிஓவில் பல அலைகளுக்கு 600ஐத் தாண்டியது. இது உண்மையான அலைதானா, விரியும் காந்தப்புலத்தின் தடமா என்ற நீண்ட சண்டைக்கு அந்தக் குறைந்த வேகமும் ஒரு காரணம்.

எஸ்டிஓவில் தொல்லை, கோப்புகளின் கனம். ஒரு மணி நேரத்துக்கு, ஒரே அலைநீளத்தில், 300 படங்கள். ஐந்தில் ஒன்றை மட்டும் இறக்கினோம். நிமிடத்துக்கு ஒன்று போதும். மாற்றம் மட்டும் தெரிய ஒரு படத்திலிருந்து அதற்கு முந்தையதைக் கழித்துப் பார்க்கும்போது 12 நொடி வித்தியாசத்தில் அலை சரியாக எழும்பவும் இல்லை. வேண்டாததை விட்டுவிடலாம், சோஹோ எடுக்காத படத்துக்கு எங்கே போவது?

பழைய கணினிதான் இருக்கிறது என்றால், 1997 மே 12 நிகழ்வை சோஹோவில் பாருங்கள். அலை இருப்பதைக் காட்ட அது போதும். அளக்க வேண்டுமென்றால் எஸ்டிஓவின் 2011 பிப்ரவரி 15 நிகழ்வு, 193 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில். 171இல் தொடங்காதீர்கள், அலை அங்கே மங்கலாகவோ கருமையாகவோ தெரிந்து குழப்பும். பக்கவாட்டிலிருந்து பார்த்த ஸ்டீரியோ விண்கலங்களின் படங்களை மேலோட்டமாகத்தான் புரட்டியிருக்கிறேன்; அதனால் அவற்றை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.