மகளின் தாண்டலைப் படம்பிடித்த மூன்று வருடங்கள்

மகள் நீளம் தாண்டுகிறாள். அவள் பயிற்சியைப் படம்பிடிக்க முதலில் வாங்கிய கேமரா இப்போது மேசை இழுப்பறையில் தூங்குகிறது. அது ஒரு ஆக்‌ஷன் கேமரா. பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்ததில் மயங்கிவிட்டேன். அகல லென்ஸ் என்பதால் தள்ளி நின்று எடுத்தால் மகள் எறும்பு. கிட்டே போனால் ஓரங்கள் வளைந்துவிடும், முழங்கால் கோணத்தை நம்பி அளக்க முடியாது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பலகையில் கால் பதிந்து எழும்ப சுமார் 0.12 விநாடிதான் ஆகிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் அதற்குள் மூன்று நான்கு படம் விழும். 120 என்றால் 14. அவ்வளவு இருந்தால்தான் பாதம் தட்டையாகப் பதிகிறதா, குதிகால் முட்டிப் பிரேக் போடுகிறதா என்றே தெரியும்.

ஃபிரேமை விட என்னை ஏமாற்றியது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். விநாடிக்கு 7 மீட்டர் ஓடுகிற பிள்ளை 1/60 விநாடிக்குள் கிட்டத்தட்ட 12 செ.மீ. நகர்ந்துவிடும். வீசி வரும் பாதம் அதைவிட வேகம். நிறுத்திப் பார்த்தால் ஷூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைமூட்டம். 1/1000-இல் வைத்தால் அதே நகர்வு 7 மி.மீ. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வெயிலில் கவலையில்லை, உள்ளரங்கில் படம் இருண்டு, விளக்குகளும் மினுமினுக்கும்.

இரண்டாவதாக, பழைய காம்பாக்ட் கேமரா ஒன்றைக் கைமாற்றி வாங்கினேன். ஆப்டிகல் ஜூம் உண்டு, ஷட்டரையும் நாமே வைக்கலாம். பக்கவாட்டில், ஓடுபாதைக்குச் செங்குத்தாக, எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி முக்காலியில் நிறுத்திவிட்டு ஜூம் பண்ணுவேன். கேமராவைத் திருப்பவே மாட்டேன். கோணம் அளக்க இலவச மென்பொருளான கினோவியா போதும். ஆனால் எடுத்த ஃபிரேம் வேகத்தை அதில் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை மறந்தேன். 120-இல் எடுத்து 30-இல் ஓடும் வீடியோ அது, 0.12 விநாடி 0.48 ஆகிவிட்டது. யானை தாண்டினால்கூட அவ்வளவு நேரம் ஆகாது!

குறையும் உண்டு. திரை தீப்பெட்டி அளவு. அதனால் மைதானத்திலேயே காட்ட போன்தான். என் போனில் 240 ஃபிரேம் வரை எடுக்கலாம். கடைசி அடிகளில் பலகையைக் குனிந்து பார்க்காதே என்று கோச் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் பார்க்கவே இல்லப்பா” என்று இவள் சாதித்தாள். ஒருநாள் தாண்டியதும் மணலைத் தட்டிக்கொண்டே வந்தவளிடம் போனை நீட்டினேன். விரலால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். மூன்றாவது அடியில் மோவாய் இறங்கியது. “ச்சே” என்றாள். மறுபடி ஓடப் போய்விட்டாள்.

சரி, எதை வாங்கலாம்? போனில் 120 ஃபிரேம் இருந்தால் முதலில் முக்காலியும் ஷட்டரைப் பூட்டும் செயலியும் போதும். மைதானத்தில் கிட்டே நிற்க விடமாட்டார்கள் என்றால் மட்டும் ஜூம் உள்ள பழைய கேமராவைத் தேடுங்கள். காசு கொடுக்கும் முன் ஸ்லோமோஷனைப் போட்டு, அதிலும் ஷட்டரை மாற்ற முடிகிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். சில கேமராக்களில் அந்த முறைக்குப் போனதும் எல்லாம் ஆட்டோவாகிவிடும்.